முதிர்வைத் தேடும் இதயச் செல்கள்

நுழையும்முன்

உடலின் காயங்கள் பல தாமே ஆறுகின்றன. வெட்டுப்பட்ட தோல் மூடிக்கொள்கிறது. முறிந்த எலும்பு கூடுகிறது. ஒரு பகுதி வெட்டியெடுக்கப்பட்ட கல்லீரலும் மீண்டும் வளர்கிறது. ஆனால், ஓயாது உழைக்கும் இதயத்துக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. இறந்த இதயத் தசைக்கு மாற்றாகப் புதிய தசையை ஆய்வகத்தில் வளர்க்க இயலுமா? வளர்த்த செல்லை, வளர்ந்த மனிதரின் இதயச் செல்லைப்போல முதிரச்செய்ய இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் அறிவியல் முயற்சிகளை இப்பாடம் விளக்குகிறது.

ஆறாத புண்

மனித இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கிறது. ஒரு நாள் கணக்கில் இது ஓர் இலட்சத்தைத் தாண்டுகிறது. இந்த உழைப்பில் பெரும்பங்கு இடது வெண்ட்ரிக்கிளின் தசைச்செல்களுக்கு உரியது. அங்கு 200 கோடி முதல் 400 கோடி வரையிலான தசைச்செல்கள் உள்ளன. கரோனரி தமனியில் அடைப்பு ஏற்பட்டு மாரடைப்பு வரும்போது, உயிர்வளி கிடைக்காமல் சில மணி நேரத்துக்குள் 100 கோடி செல்கள்வரை இறந்துபோகக்கூடும்.

இறந்த செல்களின் இடத்தைப் புதிய தசை நிரப்புவதில்லை. தழும்புத் திசுவே நிரப்புகிறது. தழும்பு, கிழிசலைத் தைத்த ஒட்டுத்துணி போன்றது. அது சுவரை உடையாமல் காக்கும். ஆனால் சுருங்கி விரியாது. எஞ்சிய தசையே முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருப்பதால், நாளடைவில் இதயம் விரிந்து தளர்கிறது. இந்நிலையையே மருத்துவர் இதயச் செயலிழப்பு என்பர். முற்றிய நிலையில் இதற்கு மாற்று இதயமே நிலையான தீர்வாக இருக்கிறது. மாற்று இதயமோ வேறொருவரின் இறப்புக்குப் பின்னரே கிடைக்கக்கூடியது. வேண்டுவோர் பலர், பெறுவோர் சிலர்.

இதயத் தசைச்செல் ஏன் மீண்டும் பெருகுவதில்லை? பிறப்பதற்கு முன் இச்செல்கள் பகுந்து பெருகுகின்றன. பிறந்த பின்னர் அவை பகுப்பை ஏறத்தாழ முற்றிலும் நிறுத்திக்கொண்டு, பருத்து வலுப்பெறுவதில் ஈடுபடுகின்றன. பெருகும் ஆற்றலை விலையாகக் கொடுத்தே இதயச் செல் உழைக்கும் ஆற்றலைப் பெறுகிறது எனலாம்.

தெரிந்து தெளிவோம்

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடைபெற்ற அணுகுண்டு வெடிப்புச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கார்பன்–14 மிகுந்தது. அது பயிர்களின் வழியாக உணவிலும், உணவின் வழியாக மனிதச் செல்களின் டி.என்.ஏ.விலும் சேர்ந்தது. அதன் அளவைக்கொண்டு ஒரு செல் எந்த ஆண்டில் பிறந்தது என்று கணிக்கலாம். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இம்முறையால் இதயச் செல்களின் வயதை அளந்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடும், 75 வயதில் 0.45 விழுக்காடும் மட்டுமே இதயத் தசைச்செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன என அவர்கள் கண்டறிந்தனர். அழிவுக்காகச் செய்யப்பட்ட சோதனையின் எச்சம், உயிரின் இயல்பை அறியும் கருவியாக மாறியது.

குருத்து என்னும் தொடக்கம்

வாழையின் குருத்து எந்த இலையாக விரியும் என்று முன்கூட்டியே காட்டுவதில்லை. அதுபோல, இன்ன செல் என்று முடிவாகாமல், எச்செல்லாகவும் மாறும் வாய்ப்பைத் தன்னுள் வைத்திருக்கும் செல்லே குருத்தணு. 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் தலைமையிலான குழுவினர், மனிதக் கருவின் தொடக்க நிலையிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து வளர்த்தனர். 2001இல் இஸ்ரேலின் ஹைஃபா நகர ஆய்வாளர்கள் அத்தகைய குருத்தணுக்களிலிருந்து துடிக்கும் இதயச் செல்களைப் பெற்றனர்.

எனினும், கருவைச் சிதைத்துச் செல்லைப் பெறுவது அறமா என்னும் கேள்வி எழுந்தது. அதற்கு வேறொரு வழியைத் திறந்தவர் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்யா யமனாக்கா. குருத்தணுவின் இயல்புக்குக் காரணமாகலாம் என்று கருதிய 24 மரபணுக்களை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். அவற்றுள் நான்கு மட்டுமே போதுமானவை என்று கண்டனர். அந்நான்கையும் செலுத்தியபோது, எலியின் சாதாரணத் தோல் செல் தன் பழைய அடையாளத்தைக் களைந்து குருத்தணு நிலைக்குத் திரும்பியது. 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் இது மெய்ப்பிக்கப்பட்டது. இவ்வாறு பெறப்படும் செல்லைத் தூண்டப்பட்ட பல்திறன் குருத்தணு என்பர். 1962இலேயே தவளை முட்டையில் இதையொத்த உண்மையைக் காட்டிய ஜான் கார்டனுடன், யமனாக்கா 2012ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கண்ணாடிக் கிண்ணத்தில் முதல் துடிப்பு

குருத்தணுவை இதயச் செல்லாக மாற்றுவதற்கு, கருவில் இயற்கை செய்வதையே ஆய்வகத்தில் திரும்பச் செய்ய வேண்டும். கருவில் இதயம் உருவாகும்போது ‘விண்ட்’ என்னும் சமிக்ஞைப் பாதை முதலில் தூண்டப்பட்டு, பின்னர் அடக்கப்படுகிறது. 2012இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் இரண்டு சிறு வேதிமூலக்கூறுகளைக்கொண்டு இதனைச் செய்துகாட்டினர். முதல் மூலக்கூறு அப்பாதையைத் திறக்கிறது. சில நாள் கழித்து இரண்டாவது மூலக்கூறு அதனை அடைக்கிறது. திறக்கும் நேரமும் அடைக்கும் நேரமும் தவறினால் விளைவும் தவறும்.

ஏறத்தாழ 10 நாள்களில் கிண்ணத்தின் அடியில் படர்ந்திருக்கும் செல்கள் துடிக்கத் தொடங்குகின்றன. நரம்பின் தூண்டல் இல்லை. இரத்த ஓட்டம் இல்லை. ஆயினும் அவை தாமாகவே சுருங்கி விரிகின்றன. ஒருவரது தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ தொடங்கி, அவரது மரபணுவைத் தாங்கிய இதயச் செல்லைக் கண்ணெதிரே காணும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

துடிப்பு மட்டும் போதுமா?

துடிக்கும் செல் கிடைத்ததும் இதயத்தைச் செப்பனிடும் வழி கிடைத்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால், நுண்ணோக்கியில் உற்றுநோக்கியவர்கள் வேறோர் உண்மையைக் கண்டனர். இச்செல்கள் இதயச் செல்கள்தாம். எனினும், வளர்ந்தவரின் இதயச் செல்கள் அல்ல. அவை தாயின் கருப்பையில் இருக்கும் சிசுவின் இதயச் செல்லை ஒத்திருந்தன.

தமிழர் மாவின் பிஞ்சை வடு என்றும், பலாவின் பிஞ்சை மூசு என்றும், வாழையின் பிஞ்சைக் கச்சல் என்றும் பெயரிட்டு அழைத்தனர். பிஞ்சும் கனியும் ஒரே மரத்தின் விளைவுகள். ஆயினும் அவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று பயன்படா. பருவத்துக்கேற்பப் பெயர் வேறுபடுவதற்குக் காரணம், பருவத்துக்கேற்பப் பயன் வேறுபடுவதே. ஆய்வகத்தில் விளைந்த இதயச் செல்லும் பிஞ்சு நிலையிலேயே நின்றுவிட்டது.

பிஞ்சுச் செல்லும் முதிர்ந்த செல்லும்

வடிவம்: பிஞ்சுச் செல் சிறியது, வட்டமாகவோ ஒழுங்கற்றோ இருப்பது. முதிர்ந்த செல் நீண்ட செங்கல் போன்றது; ஒரே திசையில் அடுக்கப்பட்டது.

சுருங்கும் அலகு: சார்கோமியரின் நீளம் பிஞ்சுச் செல்லில் ஏறத்தாழ 1.6 மைக்ரோமீட்டர், முதிர்ந்த செல்லில் ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர்.

குறுக்கு நுண்குழல்கள்: பிஞ்சுச் செல்லில் இல்லை அல்லது மிகக் குறைவு. முதிர்ந்த செல்லில் இவை உட்புறம்வரை சென்று, செல் முழுவதும் ஒரே நொடியில் சுருங்கத் துணைபுரிகின்றன.

ஆற்றல் மூலம்: பிஞ்சுச் செல் பெரும்பாலும் குளுக்கோசைச் சார்ந்தது. முதிர்ந்த செல் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களை எரிப்பது, மைட்டோகாண்ட்ரியா நிறைந்தது.

மின்னியல்பு: பிஞ்சுச் செல் தானாகவே துடிக்கும். முதிர்ந்த வெண்ட்ரிக்கிள் செல், கட்டளை வரும்வரை அமைதியாகக் காத்திருக்கும்.

இவற்றுள் இறுதி வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. கிண்ணத்தில் தானாகத் துடிப்பதைக் கண்டு வியக்கிறோம். ஆனால், அத்தானியக்கமே முதிராமையின் அடையாளம். நலமான இதயத்தில் துடிப்பைத் தொடங்கும் உரிமை சைனோ ஏட்ரியக் கணுவுக்கு மட்டுமே உண்டு. ஏனைய செல்கள் அக்கட்டளைக்குக் காத்திருந்து ஒன்றாக இயங்குகின்றன.

முதிர்விக்கும் வழிகள்

இயற்கையில் பிஞ்சுச் செல் எவ்வாறு முதிர்கிறது? குழந்தை பிறந்த உடனே அதன் சூழல் முழுவதும் மாறுகிறது. நுரையீரல் விரிந்து உயிர்வளி மிகுகிறது. பாலின் வழியே கொழுப்பு கிடைக்கிறது. தைராய்டு ஹார்மோனின் அளவு உயர்கிறது. இடது வெண்ட்ரிக்கிள் தாங்கவேண்டிய அழுத்தம் கூடுகிறது. இம்மாற்றங்களைத் தொடர்ந்து இதயச் செல் ஆண்டுக்கணக்கில் முதிர்கிறது. கிண்ணத்தில் உள்ள செல்லுக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டுவதில்லை. கடினமான தளத்தில், சர்க்கரை மிகுந்த கரைசலில், சுமை ஏதுமின்றி அது கிடக்கிறது. எனவே, ஆய்வாளர்கள் இழந்த சூழலை ஒவ்வொன்றாக மீட்டளிக்க முயன்றனர்.

முதலாவது காலம். செல்களை மூன்று, நான்கு மாதங்கள் தொடர்ந்து வளர்த்தபோது அவை நீண்டு, சார்கோமியர்கள் சீர்ப்பட்டன. ஆயினும், காலம் மட்டும் அவற்றை முழு முதிர்வுக்குக் கொண்டுசெல்லவில்லை.

இரண்டாவது உணவும் ஹார்மோனும். கரைசலில் குளுக்கோசைக் குறைத்துக் கொழுப்பு அமிலத்தைச் சேர்த்தபோது, செல்கள் தம் எரிபொருளை மாற்றிக்கொள்ளக் கற்றன. தைராய்டு ஹார்மோன் அவற்றின் அளவையும் சுருங்கும் விசையையும் கூட்டியது.

மூன்றாவது பயிற்சி. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோர்டானா வுன்யாக்–நோவாகோவிச் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை. துடிக்கத் தொடங்கிய சில நாள்களிலேயே, இளம் செல்களை அவர்கள் இரண்டு மீள்தன்மைத் தூண்களுக்கு இடையே தசைநார்போல வளர்த்தனர். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் செல்கள் அத்தூண்களை வளைக்க வேண்டியிருந்தது. அதுவே அவற்றின் சுமை. அத்துடன் மின்தூண்டலையும் அளித்தனர். நொடிக்கு 2 துடிப்பில் தொடங்கி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, 6 துடிப்புவரை உயர்த்தினர். நான்கு வாரப் பயிற்சியின் முடிவில் அத்திசுவில் சார்கோமியர்கள் நீண்டன. குறுக்கு நுண்குழல்கள் தோன்றின. வளர்ந்தவரின் இதயத்தைப்போல, துடிப்பின் வேகம் கூடும்போது சுருங்கும் விசையும் கூடியது. தொடக்கத்திலேயே பயிற்சி பெற்ற செல்களே மிகுதியாக முதிர்ந்தன என்பது இவ்வாய்வின் சிறப்பான முடிவு. இளமையில் கல் என்பது செல்லுக்கும் பொருந்தியது.

நான்காவது சுற்றம். இதயம் தசைச்செல்களால் மட்டும் ஆனதன்று. நாரிழைச் செல்களும் இரத்தக்குழாய்களின் அகவுறைச் செல்களும் அங்குக் கூடி வாழ்கின்றன. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் இம்மூவகைச் செல்களையும் சேர்த்து நுண்திசுவாக வளர்த்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். தனித்து வளர்ந்த தசைச்செல்களைவிட, சுற்றத்தோடு வளர்ந்தவை முதிர்வில் முந்தின.

இவ்வழிகளுள் ஒன்றும் தனித்து முழுப்பயன் அளிப்பதில்லை. அவற்றை இணைத்து அளிக்கும்போது முதிர்வு மிகுகிறது. ஆயினும், வளர்ந்த மனிதரின் இதயச் செல்லுக்கு எல்லாவகையிலும் நிகரான ஒன்றை ஆய்வகம் இன்னும் உருவாக்கவில்லை.

மருந்துக்கு உரைகல்

முதிர்ந்த செல் எதற்காக? முதற்பயன் மருந்தாய்வில் உள்ளது. ஒவ்வாமைக்காக வழங்கப்பட்ட டெர்ஃபெனடைன், செரிமானக் குறைபாட்டுக்காக வழங்கப்பட்ட சிசாப்ரைடு ஆகிய மருந்துகள், சிலருக்கு உயிர்க்கேடு விளைவிக்கும் இதயத்துடிப்பு ஒழுங்கின்மையை ஏற்படுத்தின. மூக்கொழுகலுக்காக உட்கொண்ட மாத்திரை இதயத்தை நிறுத்தக்கூடும் என்பது எவரும் எதிர்பாராதது. பலரும் பயன்படுத்திய பின்னரே அவை சந்தையிலிருந்து நீக்கப்பட்டன. விலங்கின் இதயம் மனித இதயத்தினின்று வேறுபட்டது. எலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கும் மேல் துடிப்பது. எனவே, மனித இதயச் செல்லிலேயே மருந்தை முன்கூட்டிச் சோதிப்பது பெரும் பாதுகாப்பாகும்.

இங்கே முதிராமை ஒரு பொய்ச்சான்றாகிவிடும். பொன்னை உரசிப் பார்க்கும் கல்லே போலியானால் பொன்னின் மாற்று தவறாகத்தானே தெரியும்? பிஞ்சுச் செல்லில் தீங்கற்றதாகத் தோன்றும் மருந்து, முதிர்ந்த இதயத்தில் தீங்கு செய்யலாம். இதயத்தை வலுப்படுத்தும் நல்ல மருந்து, பிஞ்சுச் செல்லில் பயனற்றதாகத் தோன்றலாம்.

ஒருவரது செல்லையே கொண்டு அவருக்குரிய தீங்கை அறியும் முயற்சியும் வளர்ந்துள்ளது. டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து சிலரது இதயத்தை மட்டும் பாதிக்கிறது. 2016இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், மார்பகப் புற்றுநோயாளர்களின் குருத்தணுக்களிலிருந்து இதயச் செல்கள் வளர்க்கப்பட்டன. சிகிச்சையில் இதயப் பாதிப்புக்கு உள்ளானவர்களின் செல்கள், கிண்ணத்திலும் அம்மருந்தால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டன.

நாற்றின் பருவம்

இரண்டாவது பயன் இதயத்தைச் செப்பனிடுதல். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் முர்ரி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இதயத் தசை இழந்த குரங்குகளுக்கு 100 கோடி மனித இதயச் செல்கள் செலுத்தப்பட்டன. அவை வேர்கொண்டு, குரங்கின் இதயத்தோடு இணைந்து துடித்தன. அதே வேளையில் இதயத்துடிப்பு ஒழுங்கின்மையும் தோன்றியது. பன்றிகளில் நடந்த பிற ஆய்வுகளில் அது உயிரையே பறித்தது. காரணம் முன்னர்க் கண்டதே. கட்டளைக்குக் காத்திருக்கத் தெரியாத பிஞ்சுச் செல்கள், தாமே ஒரு தாளத்தைத் தொடங்கி இதயத்தின் தாளத்தைக் குலைத்தன. வாரங்கள் செல்லச் செல்ல, உடலுக்குள்ளேயே அவை முதிர்ந்தபோது அக்குழப்பம் தணிந்தது.

அப்படியாயின், முழுதும் முதிர்ந்த செல்லையே செலுத்தலாமே என்னும் வினா எழும். நெல் பயிரிடும் உழவர் இதற்கு எளிதில் விடை கூறுவர். நாற்றங்காலில் முற்றிய நாற்றைப் பறித்து நட்டால் அது நன்றாக வேர்பிடித்துத் தூர்கட்டாது. மிக இளைய நாற்று நீரின் வேகத்தைத் தாங்காது. செல்லின் நிலையும் அதுவே. முதிர்ந்த செல் உயிர்வளிக் குறைவைத் தாங்கும் ஆற்றல் குன்றியது. இடம் மாறும்போது எளிதில் மடிந்துவிடும். எனவே, மருந்தாய்வுக்கு நன்கு முதிர்ந்த செல்லும், செலுத்துவதற்கு ஏற்ற பருவத்துச் செல்லும் தேவைப்படுகின்றன. முதிர்வு என்பது ஒரே எல்லைக்கோடு அன்று. பயனுக்கேற்பத் தேர்ந்துகொள்ள வேண்டிய பருவம்.

இச்சிக்கலுக்கு முர்ரி குழுவினர் 2023இல் வேறொரு விடையைக் கூறினர். தானாகத் துடிக்கத் தூண்டும் மூன்று மரபணுக்களைச் செயலிழக்கச் செய்து, செல்லை அமைதிப்படுத்தும் ஒரு மரபணுவை மிகுவித்தனர். அச்செல்கள் தாமாகத் துடிக்கவில்லை. கட்டளை வந்தபோது சுருங்கின. பன்றிகளின் இதயத்தில் அவை நீடித்த ஒழுங்கின்மையை ஏற்படுத்தவில்லை.

மனிதரில் முதற்படிகள்

மனிதரிடத்தும் முயற்சிகள் தொடங்கியுள்ளன. 2020 ஜனவரியில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக மருத்துவர்கள், குருத்தணுவிலிருந்து வளர்த்த இதயத் தசைச்செல் படலத்தை நோயாளி ஒருவரின் இதயத்தின் மேல் பொருத்தினர். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆய்வாளர்கள் வளர்த்த தசை ஒட்டு, மாற்று இதயத்துக்குக் காத்திருந்த ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் அகற்றப்பட்ட அவரது பழைய இதயத்தில் ஒட்டுத் தசை உயிரோடு இருந்ததை அவர்கள் 2025இல் வெளியிட்டனர். இவை பாதுகாப்பை அறிவதற்கான முதற்படிகள். பரவலான சிகிச்சையாக இன்னும் மலரவில்லை.

இவ்வேறுபாட்டை மக்கள் உணர்வது இன்றியமையாதது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வரையறுக்கப்பட்ட நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்றைத் தவிர, பிற குருத்தணுச் சிகிச்சைகளை ஏற்கப்பட்ட மருத்துவமாகக் கொள்வதில்லை. அவை முறையான ஆய்வாகவே நடத்தப்பட வேண்டும். ஆய்வு நிலையில் உள்ளதைத் தீர்வு என்று விளம்பரப்படுத்திப் பணம் பெறுவது, நோயாளியின் நம்பிக்கைக்கு இழைக்கும் தீங்காகும்.

காத்திருத்தலின் அறிவியல்

துடிக்கும் செல்லைப் பெற ஆய்வகத்துக்கு 10 நாள்கள் போதும். அதனை முதிர்விக்கும் முயற்சியோ 2001 முதல் இன்றுவரை தொடர்கிறது. உணவு, சுமை, பயிற்சி, சுற்றம் ஆகிய அனைத்தும் உரிய காலத்தில் கிடைத்தாலன்றி ஒரு செல் தன் முழுத்திறனை அடைவதில்லை. தளர்ந்த இதயத்தோடு மருத்துவமனையில் காத்திருக்கும் ஒருவருக்கு இந்தத் தாமதம் துன்பமானதே. எனினும், முதிராத செல் இதயத்தின் தாளத்தைக் கெடுப்பதுபோல, முதிராத சிகிச்சையும் உயிருக்குக் கேடு செய்யும். விரைவும் பொறுமையும் ஒருங்கே வேண்டப்படும் இத்துறையில், நாளைய ஆய்வாளர்களுக்கான பணிகள் நிறைந்துள்ளன.

கலைச்சொற்கள்

குருத்தணு – ஸ்டெம் செல்
இதயத் தசைச்செல் – கார்டியோமயோசைட்
நாரிழைச் செல் – ஃபைப்ரோபிளாஸ்ட்
அகவுறைச் செல் – எண்டோதீலியல் செல்
இதயத்துடிப்பு ஒழுங்கின்மை – அரித்மியா

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் நாற்று நடும் உழவர் ஒருவரிடம், நாற்றின் பருவம் விளைச்சலை எவ்வாறு பாதிக்கிறது எனக் கேட்டறிந்து, அதனை இப்பாடக் கருத்தோடு ஒப்பிட்டு எழுதுக.
2. ‘ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சையை நோயாளி ஏற்கலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஆய்வகத்தில் வளர்ந்த இதயச் செல்லின் முதிராமையைக் காட்டுவது
அ) கொழுப்பு அமிலத்தை எரித்தல் ஆ) தானாகத் துடித்தல் இ) குறுக்கு நுண்குழல் பெற்றிருத்தல் ஈ) நீண்ட வடிவம் பெற்றிருத்தல்

2. இதயச் செல்களின் வயதைக் கணிக்கப் பயன்பட்டது
அ) கார்பன்–14 ஆ) கால்சியம் இ) தைராய்டு ஹார்மோன் ஈ) குளுக்கோஸ்

குறுவினா

1. தழும்புத் திசு இதயத் தசைக்கு ஈடாகாதது ஏன்?
2. யமனாக்காவின் கண்டுபிடிப்பு எந்த அறச்சிக்கலுக்கு மாற்று வழியைத் திறந்தது?

சிறுவினா

1. பிஞ்சுச் செல்லுக்கும் முதிர்ந்த செல்லுக்கும் உள்ள வேறுபாடுகளுள் மூன்றினை விளக்குக.
2. முதிராத செல்லைக்கொண்டு செய்யும் மருந்தாய்வு ‘பொய்ச்சான்று’ ஆவது எவ்வாறு?

நெடுவினா

‘முதிர்வு என்பது ஒரே எல்லைக்கோடு அன்று, பயனுக்கேற்பத் தேர்ந்துகொள்ள வேண்டிய பருவம்’ – இக்கூற்றைப் பாடக் கருத்துகளின் துணையோடு நிறுவுக.